அஞ்சரைக் குதிரையும் ஆறு குதிரைக் கிழவனும்

வா மக்கா, இரி. அந்த ஹெட்டைத் திண்ணையில எறக்காத, தரை ஓடு பொளந்துரும். முற்றத்துல வை.

கரண்டு உண்டாக்குக மூணு கே.வி.ஏ. ஹெட்டு, அதைச் சுத்த அஞ்சரைக் குதிரை பெட்ரோல் எஞ்சின். ரெண்டும் வாங்கியாச்சு, காசும் எண்ணிக் குடுத்தாச்சு. இப்ப, ‘பாட்டா, ரெண்டும் சேருமா?’ன்னு கேக்க வந்திருக்க. தாலியும் கெட்டி, விருந்தும் உண்டு, பந்திப் பாயைச் சுருட்டின பிறவு சாதகத்தை நீட்டுகவன் நம்ம வம்சத்துல நீ ஒருத்தன்தான். இல்ல, தப்பு. உன் அப்பனும் கெணறு வெட்டி முடிஞ்ச பிறவுதான், ‘இதுல வெள்ளம் ஊறுமா?’ன்னு கேட்டான்.

நான் சொல்லுகது கொஞ்சம் கசக்கும். குற்றம் என் மேல இல்ல, ஊர் அப்படி. காஞ்சிரம்னா எட்டி மரம். காஞ்சிரங்குளம்னு பேரு வச்சவன், கரையில எட்டி நின்ன ஏதோ ஒரு குளத்தைப் பாத்துத்தான் வச்சிருப்பான். அந்த வெள்ளத்தைக் குடிச்சு வளந்த நாக்கு இது. இனிப்பா அபிப்பிராயம் வேணும்னா, ஹெட்டை உனக்கு வித்த கடைக்காரன்கிட்டயே போ.

ஜெனரேட்டர் வேணும்னு நீ நினைச்சதுல தப்பு சொல்ல மாட்டேன். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். விழிஞ்ஞம், பூந்துறை, அந்தப் பக்கம் தூத்தூர்ல எல்லாம் கடலுக்குப் போன ஆம்பிளைகள் திரும்பி வராத வீடுகள் உண்டு. அதை வச்சுச் சிரிக்கக் கூடாது. கரையிலயும் ரப்பரும் வாழையும் தென்னையும் கம்பி மேல சாஞ்சு, குமரி மாவட்டத்துல நாள்கணக்கா கரண்டு இல்ல. அன்னைக்குத்தான் நம்ம ஆளுகளுக்கு ஒரு ஞானம் வந்தது: கெணத்துல வெள்ளம் உண்டு, அதை மேல ஏத்த மோட்டார் உண்டு, மோட்டாருக்குக் குடுக்கக் கரண்டு இல்ல. கயிறும் வாளியும் இருந்த வீட்டுக்காரன் ராசா மாதிரி நடந்தான். அதுனால வாங்கு. ஆனா கணக்குப் பாத்து வாங்கு.

கணக்குல முதல்ல சுத்து. குதிரையெல்லாம் பிறவு.

உன் ஹெட்டோட தகட்டைத் துடச்சுப் படி. மீசையை அப்புறம் தடவலாம். என்ன போட்டிருக்கு? 1500 ஆர்.பி.எம்., 50 ஹெர்ட்ஸ். அப்ப அதுக்குள்ள நாலு போல், அதாவது காந்த முனை. கணக்கு சுலபம்: ஆறாயிரத்தை போல் எண்ணிக்கையால வகு. நாலு போல்னா 1500, ரெண்டு போல்னா 3000. இதுல பேரமே கிடையாது. உன் எஞ்சின் எத்தனை குதிரையா இருந்தாலும் சரி, ஹெட்டு நிமிஷத்துக்கு 1500 தடவை சுத்தினாத்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். இங்க கேரளத்து கே.எஸ்.இ.பி., களியக்காவிளை தாண்டினா தமிழ்நாட்டு மின்வாரியம். ரெண்டுக்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். 1956 நவம்பர் 1-ல விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளையை அந்தப் பக்கமும், நெய்யாற்றங்கரையை இந்தப் பக்கமும் பிரிச்சுக் கோடு போட்டவங்க, ஹெர்ட்ஸ்ல மட்டும் கை வைக்கல. அந்த மட்டுக்கும் புண்ணியம்.

இனி உன் திட்டத்தைச் சொல்லு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு புல்லி. எஞ்சினை ‘பாதி ஆக்சிலேட்டர்ல’ வச்சு 1500 சுத்து. அடேயப்பா! இதுக்குத்தான் உன்னை ஐ.டி.ஐ.க்கு அனுப்பினோம்.

மக்கா, சின்ன பெட்ரோல் எஞ்சினோட குதிரை எல்லாம் மேல் சுத்துலதான் நிக்கும். அஞ்சரைன்னு எழுதியிருக்கது 3600 சுத்துல. அதை 1500-ல ஓட்டினா, குதிரை பாதிக்கும் கீழ போயிரும். வெறும் பல்பு எரியும். மோட்டாரைப் போட்டதும் எஞ்சின் ரெண்டு இருமல் இருமி, உன் மாமன் கடன் கேக்க வந்தப்ப நீ படுத்த மாதிரி படுத்துரும். அதை 3000-ல ஓட்டணும். புல்லிதான் அதைப் பாதியாக்கிக் குடுக்கணும். எஞ்சின்ல 4 அங்குலம், ஹெட்டுல 8 அங்குலம். நெனப்பு வச்சுக்கோ, சின்னது எஞ்சின்ல. மாத்திப் போட்டியானா ஹெட்டு 6000 சுத்தும். பிறவு செம்புக் கம்பியை அடுத்த வீட்டு மாமரத்துல போய்ப் பொறுக்கலாம்.

சரி, இனி குதிரை.

மூணு கே.வி.ஏ.ன்னு சொன்னா மூவாயிரம் வாட்டுன்னு சாயாக்கடையில சொல்லிக்கலாம். மோட்டாரும் பிரிட்ஜும் ஓட்டுக வீட்டுக்கு, அதை 0.8-ஆல பெருக்கி 2400 வாட்டுன்னு வச்சுக்கோ. இந்த மாதிரி சின்ன ஹெட்டு, வாங்குகதுல அஞ்சுல ஒரு பங்கைச் சூடாக்கித் தின்னும். அப்ப ஹெட்டோட தண்டுல 3000 வாட்டு போய்ச் சேரணும். பெல்ட்டு நூத்துக்கு அஞ்சு கமிஷன் எடுக்கும். தரகன் இல்லாம நம்ம ஊர்ல எது நடக்கும்? 3160 வாட்டு ஆச்சு. ஒரு குதிரைக்கு 746 வாட்டு. வகுத்துப் பாரு, நாலே கால் குதிரை. எஞ்சினை எப்பவும் கழுத்தைப் பிடிச்சு ஓட்டக் கூடாது. கால்பங்கு மிச்சம் வை. அஞ்சேகால் வந்தாச்சு.

‘பாட்டா, என் எஞ்சின் அஞ்சரை ஆக்குமே’ன்னு பல்லைக் காட்டுகிய. பொறு. நெய்யாற்றங்கரை கோயில்ல அம்மச்சிப் பிலா பாத்திருக்கியா? மார்த்தாண்ட வர்மா எதிரிக்குப் பயந்து ஒளிஞ்ச பிலா மரம். வெளியே பாத்தா பெருத்த மரம், உள்ளே பொந்து. அந்தப் பிலாவுக்குள்ள ஒரு ராசாவாவது இருந்தாரு. உன் ஸ்டிக்கருக்குள்ள பொந்து மட்டும்தான். ஹோண்டாக்காரனோட ஜி.எக்ஸ். 160 எஞ்சினையே எடுத்துக்கோ. முன்னால 5.5 குதிரைன்னு வித்தான். அளக்குக முறையை மாத்தின பிறவு, அதே எஞ்சினுக்கு இப்ப 4.8-ன்னு போடுகான். அதுவும் 3600 சுத்துல, முழு மூச்சுல. விடாம மணிக்கணக்கா ஓட்டணும்னா நாலுக்குள்ளதான். நீ 3000 சுத்துல ஓட்டப் போற, இன்னும் கொஞ்சம் குறையும். ஹோண்டாக்காரனாவது மானஸ்தன், திருத்திச் சொன்னான். உன் எஞ்சின்ல கம்பெனிப் பேரே எழுத்துப் பிழையோட இருக்கு. குதிரைக் கணக்கை மட்டும் சரியா எழுதியிருப்பானா?

ஆக, இந்த எஞ்சினை வச்சு உன் மூணு கே.வி.ஏ. ஹெட்டுல நீ நம்பி எடுக்கலாம்னு நான் சொல்லுகது ரெண்டாயிரம் வாட்டுக்கு உள்ள. அதுக்குச் சம்மதம்னா வீட்டுக்குக் கொண்டு போ, நல்லா இரு. லைட்டு, ஃபேன், டிவி, பிரிட்ஜ் எல்லாம் நடக்கும். மோட்டார் விஷயம் பிறவு சொல்லுகேன்.

உன் கூட்டாளி ஒருத்தன், பூவாறுல படகுல கழத்திப் போட்ட மண்ணெண்ணெய் எஞ்சின் சல்லிசா கிடைக்கும்னானாமே? அவனை நம்பி ஏதாவது அச்சாரம் குடுத்திருக்கியா? இல்லியே? நல்ல காலம். படகுக்கு வெளியே மாட்டுக எஞ்சின் கடல் வெள்ளத்தை உறிஞ்சி உறிஞ்சித்தான் தன்னைக் குளுப்பாட்டிக்கும். கரையில கட்டினா, அதுக்கு வெள்ளம் கோரி ஊத்த ஒரு ஆள் வேணும். அதுக்கு மேல, அதுக்கு கவர்னர் கிடையாது. அங்க கவர்னர் மீன்காரனோட கைதான். பாரம் கூடினா முறுக்குவான், குறைஞ்சா விடுவான். உன் வீட்டுல பிரிட்ஜ் நிக்கிறப்பவும் ஓடுறப்பவும் ராத்திரி முழுக்க முறுக்கிக்கிட்டு இருக்க, உன் பெண்டாட்டி சம்மதிப்பாளா?

கவர்னர்னா திருவனந்தபுரத்துல இருக்கவர் இல்ல. இது வேலை செய்யுக கவர்னர். பாரம் ஏறினா எண்ணெயைக் கூட்டும், எறங்கினா குறைக்கும். ஆனாலும் அதுக்கும் ஒரு சோம்பல் உண்டு. பாரம் ஏற ஏறச் சுத்து கொஞ்சம் தாழும். அதுனால பாரம் ஒண்ணும் இல்லாதப்ப 52 ஹெர்ட்ஸ் காட்டுக மாதிரி வை. முழு பாரத்துல அது 50-க்கு வந்து நிக்கும். ஹெர்ட்ஸ் காட்டுக மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோ. காதால கேட்டே சுத்தைச் சொல்லுகேன்னு ஒருத்தன் வருவான். அவனுக்குச் சாயா மட்டும் குடு, ஸ்குரூ டிரைவர் குடுக்காத.

இதை நான் எப்படிப் படிச்சேன்னு கேக்கியா? வாலிபத்துல மைக் செட்டு ஓட்டினவன் நான். கோன் ஸ்பீக்கர், சீரியல் பல்பு, ஜெனரேட்டர், எல்லாம் மாட்டு வண்டியில போகும். ஒரு திருவிழாவுல கமிட்டிக்காரர் ஒருத்தர், ‘வெளிச்சம் போதல, போதல’ன்னு உயிரை வாங்கினார். எந்த ஊர்னு சொல்ல மாட்டேன், இன்னும் அந்த வழியா பஸ்ஸுல போறப்ப தலையைக் குனிஞ்சுக்கிடுவேன். எனக்கும் இளரத்தம். ஹெட்டுல இருந்த 6 அங்குலப் புல்லியைக் கழத்தி, 5 அங்குலத்தை மாட்டினேன். 650 சுத்து எஞ்சின், அதுல 14 அங்குலப் புல்லி. கணக்குப் போடு: 1500 சுத்தவேண்டிய ஹெட்டு 1820 சுத்தும். அந்த மாதிரி ஹெட்டுல சுத்து கூடினா வோல்ட்டும் கூடவே ஏறும். 230 நிக்க இடத்துல 280. மூணு நிமிஷம் கோயில் முற்றம் பட்டப்பகல். கமிட்டிக்காரர் என் தோளைத் தட்டினார். நாலாவது நிமிஷம் அமாவாசை. பல்பு எல்லாம் போச்சு, ஆம்பிளிஃபயர்ல புகை. இருட்டுல என்னைத் தேடினவங்களுக்கும் வெளிச்சம் இல்லாமப் போனதுதான் என் அதிர்ஷ்டம்.

அந்த எஞ்சின்தான் தெக்குமூலையில தார்ப்பாய் மூடிக் கிடக்கு. சிரிக்காத. அது லிஸ்டர் சாதி. இங்கிலாந்துல டர்ஸ்லின்னு ஒரு ஊர், அங்க லிஸ்டர் கம்பெனிக்காரன் 1930 வாக்குல இறக்கின மாடல். அரை நூற்றாண்டுக்கு மேல செய்தான். அதைப் பாத்து நம்ம ராஜ்கோட்டுக்காரங்க செய்தாங்க. ஒத்தை சிலிண்டர், 6 குதிரை, 650 சுத்து, ரெண்டு பக்கமும் ரெண்டு ஃபிளைவீல், மொத்தம் முந்நூறு கிலோவுக்கு மேல. நீ பழைய இரும்புன்னு நினைக்க இந்தச் சாமானை, 2000-க்குப் பிறவு அமெரிக்காக்காரன் ராஜ்கோட்டுல இருந்து கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போய், கொட்டகையில வச்சு, சமையல் எண்ணெய் ஊத்தி, பெல்ட்டுல ஹெட்டு மாட்டி கரண்டு எடுத்தான். அங்கத்த புகைச் சட்டம்தான் பிறவு அந்த வரத்தைக் கெடுத்தது.

இந்தக் கிழவனோட 6 குதிரை 650 சுத்துல நின்னு சொல்லுக 6 குதிரை. மணிக்கணக்கா சொல்லும். உன் பெட்ரோல்காரன் 3600-ல கத்துக அஞ்சரை வேற சங்கதி. ஹெட்டுக்கு வேண்டிய அஞ்சேகாலை இது மூச்சு வாங்காம இழுக்கும். ஒரு குற்றம் உண்டு, மறைக்க மாட்டேன். ரெண்டு சுத்துக்கு ஒரு வெடி. நிமிஷத்துக்கு 325 வெடி. நொடிக்கு அஞ்சு சொச்சம். குண்டு பல்பு போட்டா அந்தத் தாளத்துல கண்ணடிக்கும். அதை மட்டுப்படுத்தத்தான் அத்தனை கனத்துல ஃபிளைவீல். கண்ணடிச்சா என்ன, கரண்டு தருதே! இன்னொண்ணு, இதை இடுப்புல எடுத்துக்கிட்டு நடக்க முடியாது. தூக்கிக்கிட்டுப் போகணும்னா உன் பெட்ரோல். ஒரு இடத்துல இருத்தி வைக்கணும்னா டீசல். கிர்லோஸ்கர் ஏ.வி.1 கிடைச்சா இன்னும் கொள்ளாம்: 5 குதிரை, 1500 சுத்து. உன் சமப் புல்லித் திட்டம் அதுக்குத்தான் பொருந்தும். குதிரையில கொஞ்சம் குறைவு, அதுக்குத் தக்கன பாரம் வை.

கிழவனுக்குப் புல்லிக் கணக்கு கேளு. 1500-ஐ 650-ஆல வகுத்தா 2.3. ஹெட்டுல 6 அங்குலம்னா, எஞ்சின்ல 14 அங்குலம் போடு, 1516 வரும். பெல்ட்டு வழுக்குகது நூத்துக்கு ஒண்ணு போனா, ஏறக்குறைய 1500-ல வந்து நிக்கும். அளக்கிறப்ப புல்லியோட வெளி விளிம்பை அளந்துட்டு வந்து, ‘பாட்டா, கணக்கு தப்பு’ன்னு நிக்காத. பெல்ட்டு காடிக்குள்ள எறங்கித்தான் ஓடுது. அது ஓடுக வட்டந்தான் கணக்கு. சின்னப் புல்லியில இந்த வித்தியாசம் பெருசாத் தெரியும். மல்டிமீட்டர்தான் கடைசித் தீர்ப்பு சொல்லும்.

பெல்ட்டு ஒண்ணு போதாது, ரெண்டு வேணும். ‘பி’ பெல்ட்டு 17 மில்லி அகலம், ‘ஏ’ பெல்ட்டு 13 மில்லி. கிழவனுக்கு ரெண்டு பி, உன் பெட்ரோலுக்கு ரெண்டு ஏ. ஒண்ணு பிஞ்சா ரெண்டையும் மாத்து. புதுசையும் பழசையும் ஒண்ணாப் போட்டா, இளவட்டம் ஒண்ணே பாரம் முழுக்கச் சுமந்து சாகும். கூட்டுக் குடும்பத்துல நீ பாக்காததா? அச்சுக்கு அச்சு 24 அங்குலம் விட்டா, பெல்ட்டு நீளம் 80 அங்குலம் வரும். மார்த்தாண்டத்துல போய் பி-80 கேளு. ஒரு அங்குலம் கூடக் குறைய வந்தா சமாளிக்கத்தான், ஹெட்டோட அடிப்பலகையில ஓட்டை போடாம நீளக் காடி வெட்டச் சொல்லுகேன்.

நேர் பாக்க வெள்ளைக்காரன் கருவி ஒண்ணும் வேண்டாம். கொத்தன் கட்டுக நூல் போதும். பெரிய புல்லியோட முகத்துல இருந்து சின்னப் புல்லியோட முகத்துக்கு இழுத்துப் பிடி. நாலு இடத்துலயும் தொடணும். முறுக்கம் பாக்க, ரெண்டு புல்லிக்கும் நடுவுல பெல்ட்டைப் பெருவிரலால அமுக்கு. இருபத்துநாலு அங்குல இடைவெளியில ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தா சரி. புது பெல்ட்டு முதல் நாள் ஓடினதும் நெகிழும், திரும்ப முறுக்கு. கீச்சுன்னு அழுதா சோப்பு தடவுக வைத்தியம் பண்ணாத. அது அழுகது முறுக்கம் போதாம. நீ தடவுகது இன்னும் வழுக்க.

இனி, காசு குடுக்குமுன்ன நீ பாத்திருக்கவேண்டிய ஒண்ணு. ஹெட்டுக்கு ரெண்டு பக்கமும் பேரிங் உண்டா? எஞ்சின் தண்டுல நேரா சொருகுகதுக்குன்னே ஒத்தை பேரிங் ஹெட்டு வரும். அடுத்த பக்கத்தை எஞ்சினே தாங்கும். அதுல புல்லி மாட்டி பெல்ட்டு போட்டா நடக்காது. தலைக்கு ஒரு கால்தான் இருக்கு, அதையும் பெல்ட்டு பிடிச்சு இழுக்குது. குனிஞ்சு பாரு... ரெண்டு உண்டா? பிழைச்ச. பாக்காம வாங்கினவனுக்கும் சிலநேரம் தெய்வம் பேரிங் வச்சுத் தருது. புல்லியைத் தண்டோட நுனியில தொங்கவிடாத, பேரிங்கை ஒட்டி உள்ள தள்ளி வை.

மோட்டார் சங்கதி சொல்லுகேன்னேன். கெணத்து மோட்டார் ஒரு குதிரைதானேன்னு லேசா நினைக்காத. ஓடுறப்பதான் அது சாது. எழும்புறப்ப அஞ்சாறு மடங்கு கரண்டு கேக்கும், எட்டு மணி வரை உறங்கி எழும்புறப்ப நீ கேக்க சாயா மாதிரி. அதுனால முதல்ல மோட்டார் மட்டும் போடு. தொட்டி நிறையட்டும். அதை நிறுத்தின பிறவு பிரிட்ஜ். அதுக்குப் பிறவு லைட்டும் ஃபேனும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டு, ‘ஹெட்டு மோசம்’னு கடைக்காரனோட சண்டைக்குப் போகாத. உன் பெட்ரோல் எஞ்சின் அந்த மோட்டாரை எழுப்புமாங்கது போட்டுப் பாத்தாத்தான் தெரியும். முனகினா உடனே நிறுத்து. முனகுக மோட்டார் கொஞ்ச நேரத்துல காயில் கருகும்.

சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு பெல்ட்டுப் பக்கம் போகாத. அதுக்கு இரும்பு வலையில ஒரு கூடு அடி. நிமிஷத்துக்கு 650 தடவை சுத்துக ஃபிளைவீலு, சாரத்தோட நுனி கிடைச்சா ஆளைத்தான் சுத்தும். எஞ்சினை அடுக்களையிலயும் வைக்காத, திண்ணையிலயும் வைக்காத. மழைன்னாலும் வெளியே கூரை போட்டு வை. அந்தப் புகையில மணமும் நிறமும் இல்லாத விஷம் ஒண்ணு உண்டு. உறங்குகவனை உறக்கத்துலயே கொண்டு போயிரும். எட்டிக்காயாவது கசந்து எச்சரிக்கும். அது எச்சரிக்காது.

இனி கடைசிக் கேள்வி. வீட்டு வயரிங்ல இதை எப்படிக் கோக்கப் போற? என்னது... ரெண்டு பக்கமும் பிளக் வச்ச வயரை ஹால் பாயிண்டுல குத்தப் போறியா?

இதுவரை சிரிச்சேன், இனி சிரிக்க மாட்டேன். லேய், நீ அந்தப் பாயிண்டுல குத்துக 230 வோல்ட், மீட்டர் வழியா வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மர்ல தலைகீழா ஏறி, 11,000 வோல்ட்டா கம்பியில நிக்கும். கரண்டு இல்லேன்னு நம்பி, மழையில போஸ்ட்டுல ஏறினவன் கை வைக்கது அந்தக் கம்பியிலதான். இந்தப் பக்கத்து லைன்மேனானாலும் சரி, அந்தப் பக்கத்து வயர்மேனானாலும் சரி.

அதுனால உன் பெட்ரோல் எஞ்சினை இங்கயே வச்சுட்டுப் போ. இன்னைக்குப் புல்லி வேண்டாம், பெல்ட்டு வேண்டாம். முதல்ல ஃபேசும் நியூட்ரலும் ரெண்டும் சேந்து மாறுக சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒண்ணு வாங்கு. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு அதை மாட்டு, எர்த்தும் போடு. அதை எனக்குக் காட்டின பிறவு எஞ்சினைக் கொண்டு போ.